விடியலில் மீன் செத்து மிதப்பது ஏன்? குட்டை நீரில் பாசியும் பிராணவாயுவும்

கிணற்றடியிலும் வீட்டுக் கொல்லையிலும் வயலின் மூலையிலும் ஐந்து சென்ட், பத்து சென்ட் அளவில் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் உழவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். பாசனத்திற்குத் தேக்கிய நீரிலேயே கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை விட்டு, சாணமும் தவிடும் புண்ணாக்கும் இட்டுப் பராமரித்தால், ஓராண்டிற்குள் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ எடையுள்ள மீன்களைப் பிடிக்கலாம். வீட்டிற்கு நல்ல உணவும் ஆகும்; கையில் பணமும் சேரும்.

ஆனால் இத்தொழிலில் ஓர் இடர் உண்டு. பயிரில் பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கச் சில நாட்களாவது அவகாசம் கிடைக்கும். குட்டையில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மாலையில் துள்ளி விளையாடிய மீன்கள் மறுநாள் விடியலில் வயிறு மேலாக மிதக்கும். பத்து மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடும். அப்போது பலர் முதலில் நினைப்பது, ‘யாரோ வேண்டாதவர்கள் மருந்தைக் கலந்துவிட்டார்கள்’ என்பதுதான். இதனால் அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு ஏற்படுவதும் உண்டு. ஆனால் குட்டைக்கு யாரும் வராமலேயே, நாம் நல்லதென்று வளர்த்துவிட்ட பச்சை நீரே மீன்களின் மூச்சை நிறுத்திவிட முடியும். அது எவ்வாறு நிகழ்கிறது, முன்கூட்டியே அதை எப்படி அறிவது, எவ்வாறு தடுப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயு

நாம் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கிறோம். கெண்டை மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களின் வழியாகப் பெறுகின்றன. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் நன்னீர் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. 20 டிகிரி வெப்பத்தில் இது 9 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதாவது, நீர் சூடாகச் சூடாக அது தாங்கும் பிராணவாயு குறைகிறது. மீனுக்கோ வெப்பம் கூடும்போது மூச்சின் தேவையும் கூடுகிறது. கோடையில் குட்டைக்குத் தனிக் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

கெண்டை மீன்கள் நன்றாக உண்டு வளர லிட்டருக்கு 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிராணவாயு இருக்கவேண்டும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தீவனம் எடுப்பது குறையும். நோய் எளிதில் தாக்கும். 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிச் சில மணி நேரம் நீடித்தால் மீன்கள் மடியும்.

பாசியின் பகல் வேலையும் இரவு வேலையும்

பாசி என்றவுடன் படித்துறையில் வழுக்கும் பாசியும் நூல் நூலாகப் படரும் பாசியும் நம் நினைவுக்கு வரும். மீன் குட்டையில் முக்கியமானது அதுவன்று. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத அளவு சிறியதாக நீர் முழுவதும் மிதந்து, நீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசியே முக்கியமானது. சாணமும் உரமும் இடுவது இதை வளர்ப்பதற்குத்தான். நுண்பாசியை உண்டு சிறு மிதவை உயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு கட்லா கொழுக்கிறது. ஆகவே பச்சை நீர் மீனுக்கு மேய்ச்சல் நிலம் போன்றது.

இந்த நுண்பாசி, பகலில் வெயிலைக் கொண்டு கரியமில வாயுவை உட்கொண்டு தன் உணவைத் தயாரிக்கிறது; பிராணவாயுவை நீரில் விடுகிறது. இரவில் வெயில் இல்லாததால் இந்த வேலை நின்றுவிடுகிறது. ஆனால் பாசியும் ஓர் உயிர். அது இரவும் பகலும் மூச்சு விடுகிறது. எனவே பகலில் பிராணவாயுவைத் தந்த அதே பாசி, இரவு முழுவதும் அதை எடுத்துக்கொள்கிறது. டச்சு மருத்துவர் யான் இங்கென்ஹவுஸ், நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலில் குமிழ் விடுவதையும் இருளில் விடாததையும் ஆராய்ந்து 1779-இல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மையே நம் குட்டையில் நாள்தோறும் நடக்கிறது.

இதனால் குட்டை நீரில் பிராணவாயு ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் கதிரவன் எழுந்தபின் ஏறத் தொடங்கும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு உச்சத்தை அடையும். அந்தி சாய்ந்தபின் இறங்கத் தொடங்கி, விடியலுக்குச் சற்று முன் மிகவும் தாழ்ந்துவிடும். பாசி அடர்ந்த குட்டையில் பிற்பகலில் 12 மில்லிகிராமும் விடியலில் 2 மில்லிகிராமும் இருக்கக்கூடும். ‘பாசி நிறைய இருந்தால் பிராணவாயுவும் நிறைய இருக்கும்’ என்று எண்ணுவது பாதி உண்மையே.

ஒரு குட்டையின் வரவு செலவுக் கணக்கு

இதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். பத்து சென்ட் குட்டையின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர் என்றால் நீரின் கொள்ளளவு 5 இலட்சம் லிட்டர். அதில் ஒரு கிலோ எடையுள்ள 200 மீன்கள் உள்ளன என்று கொள்வோம். பாசியும் அடர்ந்திருக்கிறது.

வரவு: நல்ல வெயில் அடித்த நாளில் மாலையில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் வீதம், குட்டை முழுவதிலும் 6 கிலோ பிராணவாயு இருக்கும்.

செலவு: இரவு 12 மணி நேரத்தில் மீன்கள் சுவாசிப்பது சுமார் 600 கிராம். அடர்ந்த பாசியும் பிற நுண்ணுயிர்களும் அடிச்சேறும் சேர்ந்து எடுப்பது சுமார் 3 கிலோ. மொத்தம் 3 கிலோ 600 கிராம்.

மீதி: 2 கிலோ 400 கிராம். அதாவது விடியலில் லிட்டருக்கு 4.8 மில்லிகிராம். மீன்களுக்குக் கவலையில்லை.

இப்போது வானம் நாள் முழுவதும் மூட்டமாக இருந்தது என்று கொள்வோம். மாலையில் 7 மில்லிகிராம் மட்டுமே சேர்ந்தது. மொத்த வரவு 3 கிலோ 500 கிராம். இரவுச் செலவோ அதே 3 கிலோ 600 கிராம். வரவை விடச் செலவு கூடிவிட்டது. விடியலுக்கு முன்பே இருப்பு தீர்ந்துவிடும்.

குட்டைக்குக் குட்டை இவ்வளவுகள் மாறும். இரவில் நீரின் மேற்பரப்பு வழியே காற்றிலிருந்து ஓரளவு பிராணவாயு கரைவதும் உண்டு; அதை இங்கே சேர்க்கவில்லை. ஆயினும் இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகளை அறியலாம். ஒன்று, இரவில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வது மீன் அன்று. பாசியும் மக்கும் பொருட்களுமே. இரண்டு, பாசி அடர்ந்த குட்டை வெயிலை நம்பியே பிழைக்கிறது. வெயில் இல்லாத ஒரு நாள் போதும், அது கடனில் விழுந்துவிடும்.

எந்த நாட்களில் விழிப்பு தேவை?

1. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மூட்டமாக இருக்கும்போது.

2. சித்திரை, வைகாசி மாதங்களில் நீர் வற்றி, சூடேறி, மீனின் எடையும் கூடியிருக்கும்போது.

3. காற்று சிறிதும் அசையாத புழுக்கமான இரவுகளில். காற்று வீசினால் நீர் அலைந்து பிராணவாயு கரையும். அசையாத நீரில் அது மிகவும் குறைவு.

4. கடும் வெயிலுக்குப் பின் திடீரெனக் கோடை மழை கொட்டும்போது. குளிர்ந்த மழைநீர் எடை மிகுந்ததால் கீழே இறங்கும். பிராணவாயு இல்லாத அடிநீர் மேலே எழுந்து கலக்கும்.

5. பச்சையாக இருந்த நீர் ஓரிரு நாளில் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறும்போது. பாசி மொத்தமாக மடிந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். பகலில் பிராணவாயு தருவாரும் இல்லை. செத்த பாசி அழுகும்போது இருப்பதும் செலவாகிவிடும். ஐந்திலும் இதுவே கொடியது.

நீரின் நிறம் சொல்லும் செய்தி

இளம் பச்சை அல்லது பழுப்பு கலந்த பச்சை நிறம் நல்லது. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் மீனுக்கு இயற்கை உணவு இல்லை என்று பொருள். அடிவரை வெளிச்சம் பாய்வதால் நூல்பாசியும் களைகளும் முளைக்கும். இலைப்பச்சை அடர்ந்து எண்ணெய்ப் பசைபோல் தோன்றினால் பாசி மிஞ்சிவிட்டது.

நீரின் மேல் பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஏடு படர்ந்து, காற்று வீசும் பக்கக் கரையில் ஒதுங்கி, நாற்றம் வீசினால் அது நீலப்பச்சைப் பாசி. இதில் சில வகைகள் நச்சுத்தன்மை உடையவை. அந்நீரை ஆடு மாடுகளுக்குக் காட்டக்கூடாது. குழந்தைகளைக் குளிக்க விடக்கூடாது. வெயில் ஏறும்போது செங்கல் நிறத்தில் ஏடு படர்வதும் உண்டு. இதுவும் ஒரு வகை நுண்ணுயிரே. கரிமச் சத்து மிகுந்த குட்டைகளில் தோன்றும். எந்த ஏடாக இருந்தாலும் அது வெளிச்சத்தை மறைக்கும். ஆதலால் பழைய வேட்டி அல்லது சேலையை இருபுறமும் பிடித்து இழுத்து, ஏட்டைக் கரையில் ஒதுக்கி வாரி அப்புறப்படுத்தவேண்டும். வாரியதைக் கரையிலேயே விடாமல் எருக்குழியில் இடலாம்.

கையே அளவுகோல்

பாசியின் அடர்த்தியை அளக்க இத்தாலியரான செக்கி என்பவர் 1865-இல் கடல்நீரில் ஆராய்ந்து பார்த்த தட்டு முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு சாண் அகலமுள்ள, அதாவது 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகரத் தட்டை நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் கயிறு கட்டி, அடியில் சிறு கல்லைத் தொங்கவிட்டால் போதும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளக்கவேண்டும். அது 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருப்பது நல்லது.

தட்டு இல்லாதவர்கள் கையாலேயே அளக்கலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் உள்ள நேரத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கையை நேராக நீரில் இறக்குங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி மணிக்கட்டில் மடக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கை எப்போது கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள்.

நீர் முன்கையின் பாதியை எட்டும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிக அதிகம்; ஆபத்து. எருவையும் உரத்தையும் அன்றே நிறுத்தவேண்டும். தீவனத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும்.

நீர் முன்கையின் பாதிக்கும் முழங்கைக்கும் இடையில் இருக்கும்போது மறைந்தால் எச்சரிக்கை. அடுத்த தவணை எருவைத் தள்ளிப்போடவேண்டும்.

நீர் முழங்கையை எட்டியபோதோ அதற்கு நான்கு விரற்கடை மேலே வந்தபோதோ மறைந்தால் பாசி அளவாக உள்ளது.

நீர் அக்குளை நெருங்கியும் உள்ளங்கை தெரிந்தால் பாசி போதாது. எரு இடலாம்.

நீர் செம்மண் கரைந்து கலங்கியிருந்தால் இச்சோதனை பொருந்தாது. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை முகர்ந்து வெளிச்சத்தில் பார்த்தால் மண் கலங்கலா, பாசியா என்பது விளங்கும்.

எருவும் தீவனமும் அளவறிந்து இடுதல்

பாசி மிஞ்சுவதற்குக் காரணம் சத்து மிஞ்சுவதே. மீன் இருப்பு சென்ட்டுக்கு 20 விரலளவுக் குஞ்சுகள் என்ற அளவில் இருந்தால் பராமரிப்பு எளிது. பத்து சென்ட் குட்டைக்கு கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60 விடலாம். அனுபவம் பெற்றபின் எண்ணிக்கையைச் சிறிது கூட்டலாம்.

மீன் விடுவதற்கு முன், சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்புத்தூள் இடவேண்டும். மண் புளிப்பாக இருந்தால் இரண்டு கிலோ வரை இடலாம். ஒரு வாரம் கழித்து அடியுரமாகச் சென்ட்டுக்கு 8 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றவேண்டும். பிறகு மாதந்தோறும் சென்ட்டுக்கு 3 கிலோ போதும். கோழி எரு சாணத்தைவிடச் சத்து மிகுந்தது. சாணத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடவேண்டாம். செயற்கை உரம் இடுவோர் மாதத்திற்குச் சென்ட்டுக்கு 80 கிராம் சூப்பர் பாஸ்பேட், 70 கிராம் யூரியா என்ற அளவில், சாணம் இட்டு 15 நாள் கழித்து இடலாம். சுண்ணாம்பையும் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரே நேரத்தில் இட்டால் மணிச்சத்து சுண்ணாம்போடு பிணைந்து வீணாகும்.

இந்த அளவுகள் எல்லாம் மேல் வரம்பு என்று கொள்ளவேண்டும். ‘மாதம் பிறந்துவிட்டது, சாணம் போடவேண்டும்’ என்று நாட்காட்டியைப் பார்த்து எரு இடக்கூடாது. கையை நீரில் இறக்கிப் பார்த்தபின்பே இடவேண்டும். மூட்டம் போட்ட நாளில் எரு இடவே கூடாது.

கொல்லைக் குட்டைகளில் நாம் கவனிக்காத ஓர் எரு உண்டு. மாட்டுக் கொட்டகையைக் கழுவிய நீரும், சமையலறைக் கழிவுநீரும், உரமிட்ட வயலிலிருந்து மழையில் வழிந்த நீரும் குட்டைக்குள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறு வாய்க்கால் வெட்டி இந்நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிட்டால், அங்கும் பயன், குட்டைக்கும் நலம்.

தீவனத்திலும் கவனம் வேண்டும். அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம பங்கு கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நாள்தோறும் இடலாம். கால் கிலோ எடையுள்ள 200 மீன்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தீவனம் ஆகும். இதைக் குட்டையில் வாரி இறைக்காமல், துளையிட்ட பையில் கட்டி மூங்கில் கழியில் தொங்கவிடுவது நல்லது. இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கிப் பார்த்தால் மீதி தெரிந்துவிடும். மீதம் இருந்தால் மறுநாள் குறைக்கவேண்டும். மீன் உண்ணாத ஒரு கிலோ உலர்ந்த தீவனம் முழுவதும் அழுகி மக்குவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிராணவாயு வேண்டும். மேலே கண்ட கணக்கில் மூட்டமான நாளில் குட்டையின் மொத்த இருப்பே மூன்றரைக் கிலோதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கரையில் காற்று வரும் திசையில் மரங்கள் அடர்ந்திருந்தால் கிளைகளைக் கழிக்கவேண்டும். நிழல் குறையும், காற்று படும், இலை விழுந்து அழுகுவதும் குறையும்.

பிற்பகலில் வரும் இன்னோர் ஆபத்து

பாசி மிஞ்சிய குட்டையில் பிராணவாயு விடியலில் குறைகிறது. அதே குட்டையில் பிற்பகலில் வேறு ஒரு தொல்லை வரும். பாசி, நீரிலுள்ள கரியமில வாயுவை எல்லாம் எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை உயர்கிறது. காலையில் கார அமில நிலை 7.5 ஆக இருந்த நீர், பிற்பகலில் 9-ஐயும் தாண்டலாம்.

மீனின் கழிவிலிருந்தும் யூரியாவிலிருந்தும் நீரில் அம்மோனியா சேர்கிறது. கார அமில நிலை 7-ஆக இருக்கும்போது இதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே மீனுக்கு நஞ்சாகும் வடிவில் இருக்கும். அது 9-ஆக உயர்ந்தால், நம் நாட்டு வெப்பத்தில் நூற்றில் சுமார் 40 பங்கு நஞ்சு வடிவத்திற்கு மாறிவிடும். ஆகையால் நீர் அடர்ந்த பச்சையாக உள்ளபோது யூரியா இடக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பைப் பிற்பகலில் கரைத்து ஊற்றவும் கூடாது.

மீன் காட்டும் அறிகுறிகள்

வாரத்தில் இரண்டு நாளாவது, கருக்கலில், வெளிச்சம் வருமுன் குட்டைக் கரைக்குச் செல்லுங்கள். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாத செய்தி அந்த நேரத்தில் தெரியும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அறியலாம். காலடி ஓசை கேட்டவுடன் உள்ளே சென்று, வெயில் ஏறியதும் மறைந்தால் இது முதல் எச்சரிக்கை. கையைத் தட்டினாலும் கல்லை எறிந்தாலும் மீன்கள் அசையாமல் வாயைப் பிளந்துகொண்டே இருந்தால் நிலைமை முற்றிவிட்டது. இறால்களும் நத்தைகளும் கரையோரம் ஏறி ஒட்டிக்கொள்வதும் ஓர் அடையாளம்.

உடனே செய்யவேண்டியவை

1. எருவையும் தீவனத்தையும் அறவே நிறுத்தவேண்டும். வயிறு நிறைந்த மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். பசித்த மீன் இரண்டு மூன்று நாளில் சாகாது.

2. குட்டை நீரையே மோட்டார் அல்லது ஆயில் என்ஜின் மூலம் இறைத்து, மூன்று நான்கு அடி உயரத்திலிருந்து குட்டையிலேயே விழச் செய்யவேண்டும். குழாய் வாயில் துளையிட்ட தகரமோ பலகையோ வைத்தால் நீர் சிதறி விழும். காற்று நன்கு கலக்கும். உறிஞ்சு குழாய் சேற்றைத் தொடாமல் இருக்கவேண்டும்.

3. கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ விடுவதானால் அதையும் சிதறவிட்டே சேர்க்கவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பெரும்பாலும் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அதை நேரே குட்டையின் அடியில் விட்டால் பயன் இராது.

4. மின்சாரமும் என்ஜினும் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று பேர் மூங்கில் கழியால் மேல்நீரை அடித்து அலைக்கலாம். குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். சிறு குட்டைக்கு இதுவும் உதவும். வெயில் நன்றாக ஏறும்வரை இதைத் தொடரவேண்டும்.

5. மூட்டமான நாட்களில், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் பின்னிரவு இரண்டு மணிக்கே இறைக்கத் தொடங்கி விடியும்வரை ஓட்டுவது நல்லது. நல்ல வெயில் உள்ள பிற்பகலில் ஓட்டவேண்டாம். அப்போது நீரில் பிராணவாயு நிறைந்து வழியும், அலைத்தால் வெளியேறிவிடும்.

6. நிலைமை சீரானபின், நீரில் நான்கில் ஒரு பங்கை அடிமட்டத்திலிருந்து வெளியேற்றிப் பயிருக்குப் பாய்ச்சிவிட்டுப் புது நீர் சேர்க்கவேண்டும். பெரிய மீன்களைப் பகலில் பிடித்து விற்று எண்ணிக்கையைக் குறைப்பதும் நல்ல வழி.

செய்யக்கூடாதவை

மீன்கள் திணறும்போது வலையை இழுக்கக்கூடாது. அடிச்சேறு கலங்கி, எஞ்சிய பிராணவாயுவும் போய்விடும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடக்கூடாது. கடினத்தன்மை குறைந்த நீரில் அது மீனையே கொல்லும். பாசி மட்டும் மடிந்தாலும், அது மொத்தமாக அழுகும்போது மீனுக்கு அதே கதிதான்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பிராணவாயுவைத் தரும் என்று நம்பி ஊற்றவேண்டாம். திணறும் மீனுக்கு அதனால் மூச்சு கிடைக்காது.

வெள்ளிக்கெண்டை நுண்பாசியை உண்ணும் மீன்தான். ஆயினும் அதை மிகுதியாக விட்டால் பாசி ஒழிந்துவிடும் என்று எண்ணவேண்டாம். உண்ட பாசியின் சத்து கழிவாக மீண்டும் நீரிலேயே சேர்கிறது. மேலும் அம்மீன் மூச்சுத் திணறலைத் தாங்காது.

விஷமா, மூச்சுத் திணறலா?

மீன்கள் இறந்துவிட்டால், யார்மீதும் பழி சொல்வதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

மூச்சுத் திணறலாக இருந்தால் மீன்கள் பின்னிரவிலும் விடியலிலும் சாகும். வெயில் ஏறியதும் சாவு குறையும். பெரிய மீன்கள் முதலில் சாகும். சிறிய மீன்கள் பிழைத்திருக்கும். விரால், கெளுத்தி போன்று காற்றையும் சுவாசிக்கும் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. செத்த மீனின் வாய் பிளந்து, செவுள் மூடிகள் விரிந்திருக்கும். முந்தைய நாள் மூட்டமாக இருந்திருக்கும். அல்லது நீர் நிறம் மாறியிருக்கும்.

பூச்சிமருந்து கலந்திருந்தால் நேரங்காலம் இல்லாமல், நடுப்பகலிலும் சாவு தொடரும். சிறியவை பெரியவை என்ற வேறுபாடு இராது. பெரும்பாலும் சிறியவை முதலில் சாகும். விராலும் தப்பாது. மீன்கள் சுழன்று சுழன்று நீந்தும். நீர்ப்பூச்சிகளும் செத்துக் கிடக்கும். பக்கத்து வயலில் மருந்து அடித்திருக்கிறார்களா, மழைநீர் வழிந்து வந்ததா என்றும் பார்க்கவேண்டும். இத்தகைய மீன்களை உண்ணவோ விற்கவோ கூடாது. சுத்தமான பாட்டிலில் நீரையும், பனிக்கட்டியில் வைத்த இரண்டு மீன்களையும் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகவேண்டும்.

எவ்வகைச் சாவானாலும் செத்த மீன்களை உடனே எடுத்துக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். விட்டுவைத்தால் அவை அழுகி, பிழைத்த மீன்களுக்கும் கேடு செய்யும்.

குட்டைக்கு ஒரு குறிப்பேடு

பால் கணக்கு எழுதுவது போலக் குட்டைக்கும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வானம் வெயிலா மூட்டமா, நீரின் நிறம், கை மறைந்த அளவு, இட்ட எரு, இட்ட தீவனம், விடியலில் மீன் வாய் திறந்ததா என்ற ஏழு செய்திகளை எழுதினால் போதும். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்குப் பத்து நிமிடம் இதற்குச் செலவாகும். இரண்டு மாதத்தில் உங்கள் குட்டையின் குணம் உங்களுக்கே விளங்கிவிடும். பிராணவாயுவையும் கார அமில நிலையையும் அளக்கும் சோதனைப் பெட்டியை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்தலாம். ஐயம் இருந்தால் இந்த நோட்டுடன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்குச் சென்றால், தக்க ஆலோசனை பெறுவது எளிதாகும்.

பச்சை நீர் மீனுக்கு உணவு. அளவு மிஞ்சினால் அதுவே மீனுக்கு எமன். உழவர் பெருமக்கள் எருவை இடுமுன் கையை நீரில் இறக்கிப் பார்த்து, மூட்டமான நாட்களில் முன்னெச்சரிக்கையாக நீரை இறைத்து, விடியலில் ஒரு முறை குட்டைக் கரையில் நின்று பார்த்து வந்தால், வளர்த்த மீனை இழக்காமல் அறுவடை செய்து நல்ல பயன் பெறலாம்.